ராத்தாவின் பெரிய பிளேட்லெட்

அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. இதை அவரே எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் விழித்த கையோடு.

"நான் தூங்கல்ல. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுட்டுத்தான் ஈந்தன்" என்பார். அவருடைய பேச்சில் ஈந்தன் என்றால் இருந்தேன்.

உடப்பிலிருந்து முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியாகப் புத்தளத்துக்கு ஓடிய எங்கள் வேன் அவருடையது. ஓட்டியதும் அவர்தான். கட்டாரில் வேலை செய்த கணவர், சாரதி ஒருவரை வைத்து ஓட்டலாம் என்றுதான் அதை வாங்கிக் கொடுத்தாராம். வந்த சாரதி ஒருநாள் மழைக்குப் பயந்து வரவில்லை. அன்றைக்கே ராத்தா லைசன்ஸ் எடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார். முந்தலில் வீடு. காலையில் வெறும் வேனோடு உடப்புக்கு வந்து, புத்தளத்துக்கு வேலைக்குப் போகிற எங்களை ஏற்றுவார். ராத்தா என்றால் அக்கா. முஸ்லிம் வீடுகளில் அழைக்கும் முறை அது. உடப்பு அம்மன் கோயிலில் தீ மிதிக்கிற நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். எங்களோடு வேனில் வந்த, அவரைவிட வயதில் மூத்த தபால் கந்தோர் ஐயாவும் ராத்தா என்றுதான் சொல்வார். 

ஆள் பெரியவர். குரல் பெரியது. சிரித்தால் வேனின் பின் கண்ணாடி அதிரும். கழுத்து என்று தனியாக ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. தலை நேரே தோளில் வந்து சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். மனதும் அந்த அளவுதான். யாராவது வரப் பிந்தினால் விட்டுவிட்டுப் போகமாட்டார். வீட்டு வாசலுக்கே போய் ஹோர்ன் அடித்து, தலை சீவாமல் ஓடிவருகிறவரை ஏற்றி, சீப்பும் கொடுப்பார். என் அம்மாவுக்கு நெஞ்சு வலித்த அன்று, கேட்காமலே வந்து சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். அப்படிப்பட்டவருடைய வேனை விட்டு வேறு வேனில் ஏற எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. ஏறாததற்கு நாங்கள் அவ்வளவு புத்திசாலிகளும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அவருடைய உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் ஆட்கள் எல்லோரும் போனோம். அங்கே சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. ராத்தா என் பக்கத்தில். ஒரு கவளத்தைப் பிசைந்தபடி மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். கை சோற்றுக்குள்ளேயே இருந்தது. கண் மூடியிருந்தது. அடுத்து வந்த குறட்டையைக் கேட்டு, யாரோ ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்துத் தட்டுக்காரர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் அவருடைய கையைச் சுற்றி வளைத்துச் சாப்பிட்டு முடித்தோம். கடைசியில் விழித்தார். "சம்பளம் மட்டும் ஈந்தா காணுமா" என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். பிறகு தட்டைப் பார்த்து, கோழிக்காலை எடுத்தது எதிரில் இருந்த மாமி என்று சரியாகச் சொன்னார். மாமியின் முகம் சிவந்துவிட்டது.

அதுதான் எங்களுக்குப் பெரிய குழப்பம். தூங்கினார் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் விழித்ததும் அவர் சொல்வது எப்படியோ பொருந்திவிடும். ரயில் கேட் மூடினால் தூங்குவார். கேட் திறந்து, பின்னால் நின்ற லொறிகள் எல்லாம் ஹோர்ன் அடிக்கும். கண்ணைத் திறந்து, "அவசரப்படுறானுகள், ரயில் இப்பதான் போகுது" என்பார். அது மட்டும் பொருந்தாது. ரயில் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவரை விழித்திருக்க வைக்க நாங்கள் ஒரு முறை வகுத்தோம். யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாக வந்தது. முந்தல் வரை தபால் கந்தோர் ஐயா கிரிக்கெட் பேசுவார். வேண்டுமென்றே பிழையாகப் பேசுவார், ராத்தா ஆத்திரப்பட்டுத் திருத்த வேண்டும் என்பதற்காக. மதுரங்குளி வரை, ஒரு பேக்கரியில் காசாளராக இருந்த பிள்ளை உறைப்புக் கொச்சிக்காய் தூக்கலாகப் போட்ட, புளிப்பான வெரளுக்காய் அச்சாற்றை அவருடைய வாயில் ஊட்டிக்கொண்டே வருவாள். பாலாவி வரை என் முறை. நான் விஞ்ஞான ஆசிரியை. விடுகதை தெரியாது, பாட்டு வராது. பள்ளிக்கூடத்தில் நடந்த சண்டைகளைச் சொல்வேன். சண்டை நடக்காத நாட்களில் நானே உண்டாக்கிச் சொல்வேன். புத்தளம் வந்து சேரும்போது எங்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். ராத்தா மட்டும், "இண்டைக்கு ஏன் எல்லாரும் இவ்வளவு கதைக்கிறீங்க, தலை வலிக்குது" என்பார்.

எங்கள் முறையும் ஒருநாள் தோற்றது. அன்று பேக்கரிப் பிள்ளை லீவு. அவளுடைய முறையையும் நானே எடுத்ததால் மதுரங்குளி தாண்டியதும் என் கதை தீர்ந்துபோனது. பாலாவிக்கு முன்னால், உப்புப் பாத்திகளின் ஓரத்தில், வேன் மிகவும் மரியாதையாக வீதியை விட்டு இறங்கியது. வேகமே இல்லை. சரிவில் மெதுவாக உருண்டு, ஒரு பாத்திக்குள் முன் சில்லை இறக்கி நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. ஐயாவின் செருப்பு உப்புத் தண்ணீரில் மிதந்துபோனபோது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உப்பளத்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். ராத்தா இறங்கி நின்று, ஒரு கொக்கு குறுக்கே வந்ததாகச் சொன்னார். நாங்கள் ஓம், ஓம் என்று தலையாட்டினோம். அன்றிரவு படுத்த பிறகுதான், அந்த இடத்தில் உப்புப் பாத்திக்குப் பதிலாக எதிரே ஒரு பெற்றோல் பவுசர் வந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அடுத்த நாள் பார்த்தால் எல்லோருடைய முகத்திலும் அதே எண்ணம் இருந்தது. ஆனாலும் ஏறினோம்.

இதற்கிடையில் ராத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கத்தில் மழைக்குப் பின் காய்ச்சல் என்றால் டெங்கு. டெங்கு என்றால் இரத்தப் பரிசோதனை. பரிசோதனை என்றால் பிளேட்லெட். பள்ளிக்கூடம் போகாதவர்களும் பிளேட்லெட் எத்தனை என்றுதான் நோயாளியை விசாரிப்பார்கள், கிரிக்கெட்டில் ஓட்டம் கேட்பதுபோல. கூடினால் கை தட்டுவார்கள், குறைந்தால் பப்பாசி இலையை இடிப்பார்கள். ராத்தாவின் ரிப்போர்ட் போனில் வந்ததும் அது வேன் முழுக்கக் கை மாறியது. எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. டெங்கும் இல்லை. ஆனால் கீழே ஒரு வரியில், பிளேட்லெட்டின் சராசரிப் பருமன் என்ற இடத்தில், கூடுதல் என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. எண்ணிக்கையைத்தான் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். இந்த வரியை யாரும் கண்டதில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் குருதிச் சிறுதட்டுகள் பற்றி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும். காயம் பட்டால் குருதியை உறைய வைக்கும் என்றேன். பருமனைப் பற்றித் தெரியாது, மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது என்றுதான் போட்டிருக்கிறது என்றேன்.

ராத்தாவுக்கு அது போதும். பெரிது என்றால் நல்லது. தேங்காய் பெரிதாக இருந்தால் நல்லது, இறால் பெரிதாக இருந்தால் விலை கூட, பிளேட்லெட் மட்டும் எப்படிக் கெட்டதாகும் என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. பெற்றோல் ஷெட்டில் சொன்னார், மீன்காரரிடம் சொன்னார், கட்டாருக்கும் சொன்னார். "சின்ன பிளேட்லெட் நாலு சேந்தாத்தான் எண்ட ஒண்டுக்குச் சமன், மாஷா அல்லாஹ்" என்று கணக்கும் வைத்திருந்தார்.

தபால் கந்தோர் ஐயாவின் மருமகளுக்கு உண்மையாகவே டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, ராத்தா வேனை நிறுத்திவிட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். தன்னுடைய பிளேட்லெட்டைக் கொடுப்பது. பெரிய பிளேட்லெட்டை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது பாவம் என்றார். அந்த மாதப் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் பாலாவிப் பக்கம் ஒரு பள்ளிவாசல் மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. ஐயாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ரிப்போர்ட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார், நகை கொண்டுபோவதுபோல.

அங்கே ஒரு இளம் பெண் டொக்டர். முதலில் பிரஷர் பார்க்க வேண்டும், கொஞ்சம் படுங்கள் என்றார். படுக்கச் சொன்னதுதான் பிழை. டொக்டர் கருவியைத் தேடி எடுத்துத் திரும்புவதற்குள் ராத்தா தொடங்கிவிட்டார். மண்டபம் அகலமானது, கூரை உயரமானது. அந்தக் குறட்டைக்கு அதுவரை அப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை. இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மைலோ ஊற்றிக் கொடுத்தவர்கள் கோப்பையோடு நின்றார்கள். திடீரென்று சத்தம் நின்றது. சத்தம் மட்டுமல்ல, மூச்சும் நின்றது. நெஞ்சு ஏற முயல்கிறது, காற்று உள்ளே போகவில்லை. மண்டபத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு பெரிய உறுமலோடு ராத்தாவுக்கு மூச்சு வந்தது. மண்டபம் முழுவதும் ஒன்றாக மூச்சு விட்டது. உடனே மறுபடியும் குறட்டை. மறுபடியும் நிறுத்தம். டொக்டர் கருவியைக் கையில் வைத்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கத் தொடங்கிய மண்டபத்தில் அவர் மட்டும் சிரிக்கவில்லை.

தோளைத் தட்டியதும் ராத்தா கண்ணைத் திறந்து, தூங்கவில்லை என்றும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாகவும் சொன்னார். பிரஷரை அளந்துவிட்டு, அது கூடுதல், இரத்தம் எடுக்க முடியாது என்று டொக்டர் சொன்னதும் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். பிளேட்லெட்டை மட்டுமாவது எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரிப்போர்ட்டை வாசித்தபோது அந்தச் சிரிப்பு மெதுவாக நின்றது.

எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். மருமகளுக்குத் தண்ணீர்ச்சத்துத்தான் தேவை, பெரும்பாலும் பிளேட்லெட் ஏற்றத் தேவை வராது. பெரிய பிளேட்லெட் என்பது பலமும் இல்லை, நோயும் இல்லை. எடுத்த இரத்தத்தைக் கனநேரம் வைத்திருந்தால்கூட அது வீங்கிப் பெரிதாகக் காட்டும். ஆனால் நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, ஒட்சிசன் குறையும் ஒவ்வொரு தடவையும் உடம்பு கலவரப்படும். அந்தக் கலவரத்தில் பெரிய பிளேட்லெட்டுகள் கூடுதலாக வெளிவரலாம் என்று சிலர் கண்டிருக்கிறார்கள். வேறு சிலர் தேடியும் காணவில்லை. இந்த ஒரு வரியை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

"இந்த நட்சத்திரத்த மட்டும் பார்த்திருந்தா நான் பேசாம மடிச்சுத் தந்திருப்பன்" என்றார் டொக்டர். "உங்கட மூச்சு நிண்டதை நான் என்ர கண்ணால பார்த்திட்டன். கொழும்பில நித்திரைப் பரிசோதனை செய்யவேணும். அதுவரைக்கும் வாகனம் ஓட்டக்கூடாது."

கடைசி வார்த்தையில்தான் ராத்தாவின் முகம் மாறியது. நோய்க்கு அவர் பயப்படவில்லை. வேனுக்குத்தான் பயந்தார். அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் அவர் ராத்தா. வீட்டில் இருந்தால் கட்டார்க்காரரின் மனைவி மட்டும்தான். "தூங்காத ஆளுக்கு என்னத்துக்கு நித்திரை டெஸ்ட்" என்று ரிப்போர்ட்டைப் பறித்துக்கொண்டு எழும்பினார். நாங்கள் கெஞ்சியும் கேட்காமல் அவரே எங்களை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் நாங்கள் மூச்சு விடாமல் கதைத்தோம்.

அடுத்த வேலைநாள் தபால் கந்தோர் ஐயா முடிவெடுத்தார். பாலாவிச் சந்தியில் தேத்தண்ணீர்க் கடைக்கு எதிரே வேன் தினமும் கொஞ்ச நேரம் நிற்கும். ராத்தா அப்போது மீன்காரரோடு நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் விடுவனா" என்றபோது கண் மூடியது. ஐயா விரலை உதட்டில் வைத்தார். கையை நீட்டி, சாவியைத் திருகி எடுத்தார். கதவைப் பூப்போலத் திறந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கி, வீதியைக் கடந்து, கடைக்குள் போய் உட்கார்ந்தோம். பேக்கரிப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

பிளேன்டீ பாதி குடித்திருப்போம். ராத்தா விழித்தார். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். கடையிலிருந்து பார்த்தால் வாய் அசைவது தெரிந்தது. கையை ஆட்டினார், மீன்காரரைப்போல முகத்தை வைத்துக் காட்டினார், ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். வெறும் இருக்கைகளுக்கு முழுச் சண்டையையும் சொல்லி முடித்தார். பிறகு, வழக்கமாக நாங்கள் சிரிக்கிற இடத்தில் சிரிப்பு வராததால் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பேக்கரிப் பிள்ளையும் சிரிக்கவில்லை. ராத்தா வெகுநேரம் அந்த இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி, வீதியைக் கடந்து வந்து, எங்கள் மேசையில் உட்கார்ந்தார்.

"எந்த நேரம் இறங்கினீங்க?"

பேக்கரிப் பிள்ளை எங்களுடைய பாதிக் கோப்பைகளைக் காட்டினாள்.

"எனக்குத் தெரியல்ல" என்றார். அந்த வார்த்தையை அவருடைய வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. "அண்டைக்குக் கொக்கு வரல்ல, டீச்சர்."

ஐயா சாவியை மேசையில் வைத்தார். ராத்தா அதை எடுக்கவில்லை. ஐயாவின் பக்கமாகவே தள்ளிவிட்டார். ஐயாவிடம் லைசன்ஸ் இருந்தது, தைரியம் இல்லை. அன்று எல்லோரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். ராத்தாவும் தொங்கினார். தொங்கியபடியே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டும் வந்தார்.

ஐயாவின் மருமகள் சுகமாகி வீடு வந்தாள். ராத்தாவுக்குக் கொழும்பில் பரிசோதனை செய்தார்கள். டொக்டர் பயந்ததைவிட நிலைமை மோசமாக இருந்தது. படுக்கும்போது முகத்தில் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். ராத்தா அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தார். அந்த மாதங்களில் அவருடைய தம்பி வேனை ஓட்டினார். பக்கத்து இருக்கையில் இருந்து ராத்தா கியர் மாற்றச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தும்பிக்கை வந்த முதல் வாரத்தில் கட்டாரிலிருந்து கணவர் எனக்குப் போன் எடுத்தார். அழுகிற குரல். அவர்கள் இருவரும் தினமும் போனில் கதைத்து, ராத்தா கதைத்தபடியே தூங்கிப்போக, அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு அவரும் அங்கே தூங்குவது வழக்கமாம். நேற்று கதை நின்றது, பிறகு ஒரு சத்தமும் இல்லை, அவவுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டார். ராத்தா நன்றாகத் தூங்கியிருக்கிறார் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அவருடைய மனைவி ஒருநாளும் தூங்குவதில்லையே என்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு கொழும்பில் மறுபடியும் இரத்தம் பார்த்தார்கள். பருமன் கொஞ்சம் குறைந்திருந்தது. இதையும் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றார் டொக்டர். பகலில் தூக்கம் வராததுதான் முக்கியம், இனி ஓட்டலாம் என்று கடிதம் கொடுத்தார். ராத்தாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மறுபடி ஓட்ட வந்த முதல் நாள், வேனில் ஏறியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிளேட்லெட் அப்படியே பெரிசா ஈந்திருந்தா நல்லா ஈந்திருக்கும், டீச்சர்."

அன்று நாங்கள் பழைய பழக்கத்தில் எல்லாம் தயாராகத்தான் வந்திருந்தோம். ஐயா பிழையான கிரிக்கெட்டோடும், பிள்ளை அச்சாற்றுப் போத்தலோடும், நான் இரண்டு பொய்ச் சண்டைகளோடும். எதற்கும் தேவை வரவில்லை. ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, பளிச்சென்ற கண்களோடு, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினார். ஜன்னலில் காற்று வந்தது. ராத்தா ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். கவனமாகக் கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது வேன் நின்றிருந்தது. சாரதி இருக்கை காலி. சாவியும் இல்லை. பக்கத்தில் பேக்கரிப் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கினாள். பின்னால் ஐயா ஜன்னலில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை காலம் காவல் இருந்த நாங்கள், காவல் தேவையில்லாமல் போன முதல் நாளே மொத்தமாகச் சரிந்திருந்தோம். வீதிக்கு அந்தப் பக்கம், அதே தேத்தண்ணீர்க் கடையில், அதே மேசையில் ராத்தா உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையை உயர்த்திக் காட்டினார். பிறகு அவசரமில்லாமல் வீதியைக் கடந்து வந்தார்.

"நான் தூங்கல்ல ராத்தா, கண்ண மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தன்" என்றேன். என்னை அறியாமலே அது வாயில் வந்துவிட்டது.

"அப்ப நான் கடைசியா என்ன சொன்னன்?"

எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பின் இருக்கையில் குறட்டை நின்றது. ஐயா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"கொக்கு வந்திச்சு எண்டு."

ராத்தா சிரித்த சிரிப்பில் பின் கண்ணாடி அதிர்ந்தது. அன்று நாங்கள் எல்லோரும் வேலைக்குப் பிந்தினோம். பள்ளிக்கூட அதிபர் காரணம் கேட்டார். எங்கள் வேன் சாரதி விழித்திருந்தார் என்று சொன்னேன்.